பயோடெக் படிப்பு: கடனுக்கு ஈடாகச் சம்பளம் வருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் கலந்தாய்வுச் செய்திகளோடு கல்லூரி விளம்பரங்களும் தங்கள் நாளிதழை நிறைத்துவிடுகின்றன. கடலூரில் ஓர் உதவிபெறும் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். நீட் தேர்வில் இடம் கிடைக்காத எங்கள் பிள்ளைகளில் பலர் அடுத்து நினைப்பது பி.டெக். பயோடெக்னாலஜியைத்தான். செல், மரபணு என்று ஆசையாகப் படித்தவர்கள் அதே வழியில் போவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதற்கு வாங்கும் கடனைப் பின்னால் வரும் சம்பளம் தாங்குமா என்று பார்க்கப் பெற்றோருக்கு ஒரு வழியும் இல்லை.

தேவனாம்பட்டினத்தில் மீன்பிடித் தொழில் செய்யும் ஒருவர், மகளுக்காக ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான கையேட்டைக் கொண்டுவந்து காட்டினார். அட்டை முழுக்க மாணவர்களின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் லட்சக் கணக்கில் ஆண்டுச் சம்பளம். “டீச்சர், நம்ம பொண்ணுக்கும் இது வருமா?” என்று கேட்டார். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த துறைப் பெயர்களைப் படித்தேன். எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. பயோடெக் பிள்ளை ஒருவர்கூட இல்லை. அவர் கட்டப்போகும் பணம் பயோடெக்குக்கு, காட்டப்பட்ட சம்பளம் வேறு துறையுடையது.

கடன் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் முடித்த பிறகு ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும்போது வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்து, கடன் 5,40,000 ஆகிவிடும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 7,100 ரூபாய்க்குச் சற்று மேல் கட்ட வேண்டும். சிப்காட்டிலோ புதுச்சேரித் தொழிற்பேட்டையிலோ ஒரு மருந்துக் கம்பெனியில் 18,000 ரூபாய்க்கு வேலை கிடைத்தால், அதில் ஐந்தில் இரண்டு பங்கு வங்கிக்கே போய்விடும்.

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேருபவர்களுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவர்களுக்கு இந்தப் பாரம் பெரிதாக இல்லை. மற்றவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும்வரை உள்ள வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. வருமானச் சான்றிதழ் கொடுத்து அதைக் கேட்டுப் பெற வேண்டும். கல்லூரிக்கு உரிய அங்கீகாரம் இருக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. பயோடெக்கில் ஆராய்ச்சி வேலை என்றால் பி.டெக். மட்டும் போதாது, எம்.டெக்., பிஎச்.டி. என்று போக வேண்டும். கேட் என்னும் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாத உதவித்தொகை 12,400 ரூபாய். அந்த நேரம் பார்த்து வங்கித் தவணையும் தொடங்கினால், பாதிக்கு மேல் அதிலேயே கழிந்துவிடும். அப்புறம் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவது? ஆய்வுக்கூடத்தை நேசித்த பிள்ளை, கிடைத்த கணினி வேலையில் உட்கார்ந்துவிடுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஆராய்ச்சிக்குப் போக முடியும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் கல்வித் துறையே ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்று ஓர் இணையதளம் நடத்துகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று கொடுத்தால், படித்தவர்களின் நடுத்தர வருமானமும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை) நடுத்தரக் கடனும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. பயலாஜிக்கல் இன்ஜினியரிங்கும் அங்கே தனிப் படிப்பாகவே இருக்கிறது. வருமான விவரத்தைக் கல்லூரி சொல்வதில்லை, அரசின் வரிப் பதிவிலிருந்து எடுக்கிறார்கள்.

இங்கேயும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்காகக் கல்லூரிகள் தரும் விவரத்தில், வேலை கிடைத்தவர்களின் நடுத்தரச் சம்பளம் இருக்கிறது. ஆனால் நான்காண்டுப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்தான். கம்ப்யூட்டர் சயின்ஸின் சம்பளத்துக்குள் பயோடெக் மறைந்துபோகிறது. எப்படியும் விவரத்தைத் திரட்டுகிறார்கள், துறைவாரியாகப் பிரித்துத் தருவதில் என்ன சிரமம்? தமிழ்நாட்டின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் புதுச்சேரியின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக்கும், கலந்தாய்வுக்கு முன்பே இந்த விவரத்தையும் சராசரிக் கல்விக் கடனையும் கல்லூரிப் பட்டியலோடு வெளியிட வேண்டும். தங்கள் நாளிதழும் இதைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரை, சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் முதல் தவணைக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் பயோடெக் துறைத் தலைவரைப் பார்க்கட்டும். சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் துறை சார்ந்த வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மென்பொருளுக்கு, எத்தனை பேர் மேற்படிப்புக்கு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.