'ஒழுங்கீனம்' என்று எழுதுவதற்கு முன்: பணிநாய்ப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மோப்பம், காவல், மீட்பு என்று உழைக்கும் நாய்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஒரு கால்நடை மருத்துவர். எலும்பு, மூட்டு, தசை இவற்றோடுதான் என் பொழுது கழிகிறது. பணிநாயைக் கூட்டி வரும் ஹேண்ட்லர்கள், அதாவது அதைக் கையாண்டு வேலை வாங்குபவர்கள், "கால் வலிக்குது போல" என்று ஆரம்பிப்பது அபூர்வம். "சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒரு நாயைப் பற்றிச் சொல்கிறேன். ஐந்து வயதுப் பெண் நாய், மாலினுவா இனம், வேலை வெடிபொருள் மோப்பம். வண்டியில் ஏறச் சொன்னால் ஒரு கணம் நின்று ஹேண்ட்லரின் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தாவுவாள். சில நாட்களில் தாவவே மாட்டாள். பிரிவின் பதிவேட்டில் 'ஒழுங்கீனம்' என்று எழுதிவிட்டார்கள். இரண்டு மாதம் மறுபயிற்சி. அதில் பெரும்பகுதி வண்டியில் ஏறுவதும் இறங்குவதும்தான், நாளைக்கு நாற்பது தடவைக்குக் குறையாமல்.

என் அறைக்கு வெளியே சிமெண்ட் தரை. அவள் வரும்போதே கதவுக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்டது. மூன்று அடி சுத்தமாக விழுந்தது, நான்காவது அடியில் நகம் தரையில் உரசியது. உள்ளே வந்ததும் பாதங்களைத் தூக்கிப் பார்த்தேன். இடது பின்னங்காலில் நடு விரல்கள் இரண்டின் நகம் மட்டும் நுனி மழுங்கித் தேய்ந்திருந்தது. நரம்புக் கோளாறாக இருந்தாலும் இப்படித் தேயும். அதனால் பாதத்தைப் புறங்கால் தரையில் படும்படி மடக்கி வைத்துப் பார்த்தேன். உடனே நேராக்கிக்கொண்டாள். சரி, நரம்பு பதில் சொல்கிறது. அடுத்து காலை மெதுவாகப் பின்னுக்கு நீட்டி, உட்பக்கமாகச் சற்றே திருப்பினேன். அவள் கத்தவில்லை, உறுமவில்லை. அதுவரை இரைத்துக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று நின்றது. உதட்டை ஒரு முறை நக்கினாள். திரும்பி என் மணிக்கட்டின் மேல் மூக்கை வைத்தாள்.

முதுகெலும்பின் அடியில் தொடங்கி, இடுப்புக்குள் இறங்கி, தொடையெலும்பின் உட்புறம் ஒட்டும் ஒரு தசை உண்டு. இலியோப்சோவாஸ் என்று பெயர். காலை முன்னே தூக்குவது அதன் வேலை. தொடை இடுக்கில் விரல் வைத்தபோது அது கயிறு போல இறுகித் துடித்தது. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்டில் தசை எலும்போடு சேரும் இடத்தில் கிழிசல் தெரிந்தது. அந்தக் கிழிசலோடுதான் அவள் இரண்டு மாதமாகத் தாவியிருக்கிறாள். தாவுவதற்கு முன் நின்று முகத்தைப் பார்த்ததற்குத்தான் 'ஒழுங்கீனம்' என்ற பெயர்.

இந்த வேலைக்கென்றே ஆர்வமும் விடாப்பிடியும் உள்ள குட்டிகளாகப் பார்த்து நாம்தான் பொறுக்கி எடுக்கிறோம். பந்தைக் காட்டினால் முறிந்த விரலோடும் ஓடும் நாய் அது. நொண்டட்டும், பார்க்கலாம் என்று நாம் காத்திருந்தால் அது நொண்டும் நேரத்தில் காயம் பழசாகியிருக்கும். அதற்கு முன்பே தெரிகிற அடையாளங்கள் சிறியவை. தாவுவதற்கு முன் ஒரு தயக்கம். உட்காரும்போது ஒரு முட்டியை மடக்காமல் வெளியே நீட்டிக்கொள்வது. எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்புவது. கடிப் பயிற்சியில் முன்பு போல் பிடித்துத் தொங்காமல் விட்டுவிடுவது. தேடும்போது உயரத்தில் இருக்கும் இடங்களை மட்டும் விட்டுவிடுவது. இவற்றை முதலில் பார்ப்பவர் ஹேண்ட்லர்தான். அவர் சொன்னால் எடுபட வேண்டும்.

நடையைப் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. அதனால் முன்னங்காலில் வலி என்றால், அந்தக் கால் தரையைத் தொடும்போது பளுவைக் குறைக்கத் தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பின்னங்காலில் வலி என்றால் தலையை விட்டுவிட்டு இடுப்பைப் பாருங்கள், வலிக்கும் பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும். நிதானமாக நடக்கவிட்டு, அப்புறம் மெல்லோட்டத்தில் ஓடவிட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலும் கைபேசியில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தால் போதும். பரிசோதனை மேசையில் ஏறியதும் பதற்றத்தில் எல்லாவற்றையும் மறைத்துவிடும் நாய்கள் உண்டு. அந்த வீடியோ இல்லாமல் என்னால் கண்டுபிடிக்க முடியாமல் போனவையும் உண்டு.

எக்ஸ்ரேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. "எக்ஸ்ரே கிளியர்" என்று ஒரு சீட்டு வந்தால் நாய்க்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தசை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், எலும்புகளை மூட்டில் பிணைக்கும் ஜவ்வு ஆகியவற்றில் உள்ள கிழிசலை நேராகக் காட்டாது. தோளின் உட்புற ஜவ்வு தளர்ந்துபோன நாயின் எக்ஸ்ரே மிக அழகாக இருக்கும். அந்தத் தோளைக் கையால் வெளிப்புறமாக விரித்துப் பார்த்தால்தான் தெரியும். நல்ல தோள் ஏறத்தாழ 30 பாகைவரை விரியும். 50 பாகையைத் தாண்டி விரிகிற தோள்களைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் தெரிகிறது, உடனே எல்லாப் பழியும் இடுப்பின் மேல் விழுகிறது. உண்மையில் முட்டிக்குள் சிலுவை ஜவ்வு பாதி கிழிந்திருக்கும். மனிதர்களுக்கு அது விளையாட்டில் ஒரு நொடியில் அறுந்துபோகும். நாய்களுக்குப் பெரும்பாலும் நார் நாராக, மாதக்கணக்கில் நைந்து கிழிகிறது. ஒரு முட்டியில் கிழிந்த பல நாய்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் மற்ற முட்டியிலும் கிழிகிறது. கட்டுடல் கொண்ட பணிநாய் விழிப்போடு இருக்கும்போது தொடைத் தசையை இறுக்கி முட்டியைப் பூட்டிவிடும், பாதிக் கிழிசல் கைக்குச் சிக்காது. அதற்காகத்தான் மயக்க ஊசி கேட்கிறோம். "சும்மா பார்க்க மயக்கமா?" என்று தயவுசெய்து மறுக்காதீர்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதுகெலும்பின் கடைசி இடுப்பு முள்ளெலும்பும், வாலுக்கு முன்னால் உள்ள திருவெலும்பும் சேரும் இடத்தில் நரம்புகள் நெருக்குண்டு போவது இந்த இனத்தில் அதிகம். வாலைத் தூக்கினால் வலியில் உடலைச் சுருக்கும், வண்டியில் ஏறத் தயங்கும், படுத்து எழ நேரம் எடுக்கும். இதற்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படும். இதே இனத்தில் தொடையின் உட்புறத் தசை நார்த்தழும்பாகி இறுகிப்போகும் நோயும் உண்டு. கால் குட்டையாக வீசி, பாதம் உள்ளே சுழலும். தழும்பை வெட்டி எடுத்தாலும் பெரும்பாலும் திரும்ப வந்துவிடுகிறது. பார்வைக்கு அதைப் போன்ற இன்னொன்று தோளில் வரும். ஓட்டத்தில் ஒரு நாள் தோள் வலித்து, சில நாளில் ஆறியது போலிருந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து முன்னங்கால் வெளிப்புறமாக வட்டமடித்து வீசத் தொடங்கும். தோளின் மேல் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசை சுருங்கிப்போயிருக்கும். இதை மட்டும் சந்தோஷமாகச் சொல்கிறேன்: சுருங்கிய தசைநாணை வெட்டிவிட்டால் பெரும்பாலான நாய்கள் நன்றாக ஓடுகின்றன. ஒன்று திரும்பத் திரும்ப வரும், மற்றது தீர்ந்துவிடும். பெயரைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் சிகிச்சை தொடங்கக் கூடாது என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

சிகிச்சை என்றதும் வலி மாத்திரை நினைவுக்கு வருகிறது. மனிதர்களுக்கான இபுப்ரோஃபென், நாப்ராக்சன், டைக்லோஃபெனாக் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். வயிற்றில் புண் விழும், சிறுநீரகம் போகும், உயிரும் போகும். நாய்க்கென்று உள்ள கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்றவற்றை மருத்துவர் சொன்ன அளவில், ஸ்டீராய்டோடு சேர்க்காமல் கொடுக்கலாம். ஆனால் மாத்திரை கொடுத்து மறுநாள் டியூட்டிக்கு அனுப்புவதுதான் நான் பார்க்கும் கொடுமைகளில் பெரியது. வலி அடங்கிவிடும், கிழிசல் அப்படியே இருக்கும். வலி போட்டுவைத்திருந்த தடையும் போய்விட்டதால் நாய் முழு வேகத்தில் தாவும்.

தசைநாண் ஆறும் வேகத்தை யாராலும் முடுக்க முடியாது. அறுந்து தைக்கப்பட்ட தசைநாண் 6 வாரத்தில் பழைய பலத்தில் பாதிக்குச் சற்று மேலேதான் எட்டுகிறது, ஓராண்டு கழித்தும் ஐந்தில் நான்கு பங்குதான். இரண்டு வார மருத்துவ விடுப்பு என்று ஓர் அச்சிட்ட படிவத்தை எல்லா நாய்க்கும் நிரப்புவது எப்படி நியாயம்?

கூண்டில் அடைத்து வைப்பதும் ஓய்வாகாது. ஆர்வம் மிகுந்த நாய் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றியே காயத்தைக் கிளறிக்கொள்ளும். எங்கள் முறையில் முதலில் சங்கிலி போட்டு ஐந்து நிமிட நடை. மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டுதல். அப்புறம் தாழ்வான கம்புகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்கவைத்தல். வசதி இருந்தால் தண்ணீருக்குள் ஓடும் ட்ரெட்மில். இடுப்பு மூட்டு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் நாயின் எடையில் ஏறத்தாழ 38 விழுக்காடு மட்டுமே கால்களுக்கு வரும். தசை வேலை செய்யும், மூட்டு தப்பிக்கும். இந்த நாட்களில் மூக்குக்கு வேலை கொடுங்கள். காயம் காலுக்குத்தானே தவிர மூக்குக்கு இல்லை. நின்ற இடத்தில் டப்பாக்களை வைத்து மோப்பம் பிடிக்கவைத்தால் அதன் மனசு வாடாது, பயிற்சியும் விட்டுப்போகாது.

எப்போது திரும்ப வேலைக்கு அனுப்பலாம் என்பதைக் காலண்டர் முடிவு செய்யக் கூடாது. காயம்பட்ட காலின் தொடை சூம்பிப்போயிருக்கும். தையல்காரரின் டேப்பால் இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில், ஒரே ஆள், வாரம் ஒரு முறை அளக்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கி, மெல்லோட்டம் சீராகி, காலை நீட்டிப் பார்த்தால் வலி இல்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கூட்டலாம்.

எடை விஷயம் சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்த ஓர் ஆய்வில், தனக்கு இணையாக வைக்கப்பட்ட நாயைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு பெற்ற நாய்களுக்கு மூட்டுத் தேய்மானம் தாமதமாகவே தலைகாட்டியது. அவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். உயரமான வண்டிக்கு ஒரு சாய்பலகை வையுங்கள். இறங்கும் உயரம் கூடக்கூட முன்னங்கால்களில் விழும் அடியும் கூடுகிறது.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கீழ்ப்படியாமை என்று எந்த நாயின் பெயருக்கு எதிரே எழுதுவதாக இருந்தாலும், அதற்கு முன்னால் ஒரு முழு உடல் பரிசோதனை கட்டாயம் என்று உத்தரவு போடுங்கள். "இன்றைக்கு இது வேண்டாம் சார்" என்று நாயை நிறுத்திவைக்கும் உரிமையை ஹேண்ட்லருக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்காக அவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

அந்த மாலினுவா 14 வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். இப்போது சாய்பலகை வழியாக ஏறுகிறாள், நிற்பதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை. அது எந்தப் பிரிவு என்று நான் எழுதப் போவதில்லை. ஆனால் அந்த அதிகாரி இதைப் படித்தால் அவருக்குத் தெரியும். ஐயா, அவள் பதிவேட்டில் அந்த இரண்டு மாதங்களுக்கு எதிரே 'ஒழுங்கீனம்' என்ற சொல் இன்னும் அப்படியே இருக்கிறது என்று அவளுடைய ஹேண்ட்லர் சொன்னார். அதை அடித்துவிட்டு 'காயம்' என்று எழுதிக் கொடுங்கள். மருத்துவச் சான்று என்னிடம் இருக்கிறது, எப்போது கேட்டாலும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு கால்நடை மருத்துவர்