ஆய்வு மாணவர் எந்த நிரல்மொழியைக் கற்பது?

ஆசிரியருக்கு,

எந்தத் துறை ஆய்வானாலும் பைத்தான் ஒன்றே போதும் என்று மாணவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் டியோபி பட்டியல், அதாவது நிரல்மொழிகளைப் பிரபலத்தின்படி வரிசைப்படுத்தும் பட்டியல், தேடுபொறிகளில் கிடைக்கும் முடிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு போடப்படுவது. ஆய்வகக் கணினியில் எது ஓடுகிறது என்பதை அது காட்டாது.

வானிலைக் கணிப்புக்கான டபிள்யூஆர்எஃப் மாதிரியின் பெரும்பகுதி, 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரானில்தான் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது. மரபணு வெளிப்பாட்டை ஆராய்பவர்கள் ஆர் மொழியை விடாததற்கு பயோகண்டக்டர் திட்டத்தின் லிம்மா, டிஇசெக்2 போன்ற ஆயத்த நிரல் தொகுப்புகளே காரணம். பொருளியலில் ஸ்டேட்டாவும், கட்டுப்பாட்டுப் பொறியியலில் மேட்லேபும் வேரூன்றியவை. வானியலாளர்களோ ஐடிஎல் மொழியை விட்டுப் பெருமளவில் பைத்தானுக்கு வந்துவிட்டார்கள். ஆக, துறையின் தொகுப்புகள் எங்கே இருக்கின்றனவோ அந்த மொழியைத்தான் முதலில் கற்க வேண்டும்.

பிறகு இன்னொரு மொழிக்கு மாறும்போதுதான் உண்மையான ஆபத்து. நிரல் பிழை காட்டாமல் ஓடி முடியும். விடை மட்டும் மாறியிருக்கும். 2, 4, 6 என்ற எண்களின் திட்ட விலக்கத்தை ஆரில் கேட்டால் 2 என்று வரும். பைத்தானின் எண் கணக்கீட்டுத் தொகுப்பான நம்பையில் 1.63. எண்களின் எண்ணிக்கை n என்றால், முன்னது n−1ஆல் வகுக்கிறது, பின்னது nஆல். நம்பையில், n-இலிருந்து எவ்வளவு கழிக்க வேண்டும் என்று சொல்லும் டிடிஓஎஃப் மதிப்பை 1 என்று கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். இதே பைத்தானில் தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பு இயல்பாகவே n−1ஆல் வகுக்கும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

விடுபட்ட மதிப்புகள் இதைவிட மோசம். ஸ்டேட்டா அவற்றை எல்லா எண்களையும்விடப் பெரியதாகக் கருதுகிறது. வருமானம் 50,000க்கு மேல் என்று வடிகட்டினால், வருமானமே பதியாதவர்களும் பணக்காரர் வரிசையில் சேர்ந்துவிடுவார்கள். பாண்டாஸில் அதே நிபந்தனை அவர்களை வெளியே விட்டுவிடும். எனவே மொழி மாற்றியவுடன், வடிகட்டிய பின் எஞ்சும் தரவு வரிசைகளின் எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆய்விதழ்கள் மொழியின் பெயரோடு நின்றுவிடாமல் பதிப்பு எண்ணையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும். 2019இல் வந்த ஆர் 3.6.0, தரவிலிருந்து தற்போக்காக மாதிரி எடுக்கும் இயல்பு முறையை மாற்றியது. தற்போக்குத் தேர்வைத் தொடங்கிவைக்கும் அதே விதை எண்ணைக் கொடுத்தாலும் பழைய பதிப்பு தந்த மாதிரி வராது. பதிப்பு எண்களைப் பட்டியலிடும் கட்டளையின் வெளியீட்டை, ஆரில் செஷன்இன்ஃபோ, பைத்தானில் அதன் பதிப்பு எண்ணோடு பிப் ஃப்ரீஸ் என, கட்டுரையின் பின்னிணைப்பில் சேர்க்கச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஆய்வுக் கணிமைத் துறை வாசகர்