தெம்மாங்கை ஓட்டிப் பாடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாசி, பங்குனி பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் அம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசை கட்டும். இரவில் கலைநிகழ்ச்சி, அதில் காதலரின் பிரிவைப் பாடும் தெம்மாங்கும் உண்டு. கேட்கிற கூட்டம் எழுந்து ஆடுகிறது. கண் கலங்குகிறவரைப் பார்க்க முடிவதில்லை. பாடுகிற முறையில்தான் கோளாறு. விழாக் குழுவினரும் இளம் கலைஞர்களும் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

பிரிவுப் பாட்டின் உயிர் வரிக்கடைசி இழுவையில் இருக்கிறது. உதாரணத்துக்கு இப்படி ஒரு கண்ணி, அதாவது இரண்டு வரி:

கம்மாக்கரைச் சேத்துல பதிஞ்ச காலடி – மாமா
காஞ்சு வெடிச்சுப்போச்சு, காயிதந்தான் வரலையே

அழுகிறேன், ஏங்குகிறேன் என்று ஒரு சொல்கூட இல்லை. சேறு காய்ந்து வெடித்ததைச் சொன்னதிலேயே எத்தனை மாதம் ஓடிவிட்டது என்று தெரிந்துவிடுகிறது. மிச்சத்தை அந்த ‘மாமா’ என்ற இழுவைதான் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 60 தட்டு என்று பாடினால் நாலு தட்டு இழுவைக்கு நாலு விநாடி கிடைக்கும். தாளம் போடும் மின்கருவியான ரிதம் பேடை 130 தட்டில் ஓடவிட்டால் இரண்டு விநாடிகூடத் தேறாது. நெடில் குறிலாகிவிடும், கூப்பிட்ட குரல் பாதியில் அறுந்துவிடும். இழுவை முடிந்தபின் வருகிற மௌனத்தைக் கீபோர்டு நிரப்பிவிடுவது இன்னொரு கொடுமை. கேட்பவர் தன் துக்கத்தை நினைத்துக்கொள்ளும் இடம் அது.

செட்டிநாட்டுக்கு இந்தப் பாட்டு வேற்றூர்ச் சரக்கு அல்ல. மூன்று வருடக் கணக்குக்கு ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்கள் வீடுகளிலும், கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் குடிசைகளிலும் காத்திருப்பு ஒன்றுதான்.

வாத்தியத்தில் இரண்டு முகம் கொண்ட உறுமி மேளம் ஒன்று போதும். அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழுகிற விம்மலை இழுவைக்கு அடியில் மெதுவாக விட வேண்டும். மறு முகத்தின் அடியைக் குறைத்துக்கொள்ளலாம். தவிலும் பம்பையும் அந்த ஒரு பாட்டுக்குச் சும்மா இருந்தால் நல்லது.

சுருதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். சுருதியின் உயரத்தைக் ‘கட்டை’ என்று எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் சுருதி ஏறும். ஆண் பாடகருக்காக ஒன்றரைக் கட்டையில் வைத்துவிட்டு, அதே சுருதியில் பெண்ணையும் பாடச் சொன்னால், கீழே இறங்கினால் குரல் எழும்பாது, மேலே ஏறினால் கத்தலாகிவிடும். பெண் தனியாகப் பாடும் பாட்டுக்கு அவர் குரலுக்கு ஏற்ப நாலரை, ஐந்து கட்டை வையுங்கள். சோடிப் பாட்டென்றால் இருவரும் உச்ச வரியை முதலில் பாடிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எடுப்பை, அதாவது தொடக்க வரியை, மட்டும் பாடிப் பார்த்துச் சுருதி வைப்பதால்தான் மூன்றாவது கண்ணியில் குரல் உடைகிறது.

மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் அடிக்குரல் பெருத்து எழுத்து மங்கும். நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். உச்ச வரியில் ஒரு சாண் விலக்குங்கள். எக்கோவை அறவே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறினால் வட்டாரச் சொற்கள் புரியாமல் போகும். இதே சிவகங்கைச் சீமையின் நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அம்மாளுடைய குரலில் மெருகு ஏதும் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் நேரே வந்து விழும், அதுதான் அதன் பலம்.

நிகழ்ச்சி வரிசையிலும் ஒரு மாற்றம் வேண்டும். கரகாட்டம் முடிந்த கையோடு இந்தப் பாட்டை வைக்கிறார்கள். கரகாட்டத்துக்கு முழங்கும் நையாண்டி மேளம் கேட்ட காது உடனே அடங்காது. பொன்னாடை போர்த்துவதை இடையில் ஒரு பத்து நிமிடம் வைத்துக்கொண்டு, மேடை விளக்கில் பாதியை அணைத்துவிட்டு, அதன்பிறகு பாடகரை அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவகோட்டை