போன பல்பைத் திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான பத்தாண்டு உரிமைச் சான்றிதழான சிஓஇ விற்கிற விலையில் புதுக் கார் எடுக்கத் துணிவில்லாமல், இருக்கிற காரின் சான்றிதழையே இன்னும் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறவர்களில் நானும் ஒருவன். 2009ல் பதிவான கார். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, என்னைப் பாடாய்ப் படுத்தியது இடதுபக்க ஹெட்லைட்.

நான்கு மாதத்தில் மூன்று முறை பல்பு போனது. ஒவ்வொரு முறையும் பட்டறையில் புதுப் பல்பு மாட்டிக் காசை வாங்கிக்கொண்டு, “பழைய கார் லா அங்கிள், அப்படித்தான்” என்றார்கள். பழைய கார் என்றால் வலது பக்கமும் அதே வயதுதானே, அது மட்டும் ஏன் போகவில்லை? மூன்றாவது முறை காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தபோது அணைந்தது, பின்சீட்டில் பேரன் வேறு. மறுநாள் பட்டறைக்காரர் கழற்றிய பல்பைக் குப்பைத்தொட்டியில் போடப் போனார், கேட்டு வாங்கிக்கொண்டேன். கப்பல் பட்டறையில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், செத்ததை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் தூக்கிப் போட மனசு வராது.

உள்ளே மாவு பூசியது போல வெள்ளையாக இருந்தது. கண்ணாடியில் மயிரிழை விரிசல் விட்டுக் காற்று புகுந்தால்தான் இப்படி ஆகும். உட்புறம் கறுத்தோ வெள்ளி முலாம் பூசியது போலவோ இருந்தால் ஆயுள் முடிந்தது, அல்லது மின்னழுத்தம் கூடுதல். ஓரிடத்தில் மட்டும் கண்ணாடி கொப்பளித்திருந்தால், மாட்டியவர் வெறுங்கையால் தொட்டிருக்கிறார், விரல் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். இவ்வளவும் அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் எழுதியிருக்கிறது, அதைத்தான் குப்பையில் போடுகிறார்கள்.

இருந்தாலும் சிம் லிம் டவரில் வாங்கி வைத்திருந்த மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தேன். 14.2 வோல்ட், சரியான அளவுதான். 15ஐத் தாண்டியிருந்தால், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும், ஆனால் அப்போது இரண்டு பக்கமும் அடிக்கடி போகும். மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அப்புறம் விளக்கின் பின்பக்கம் கைவிட்டுத் தடவினால், ரப்பர் மூடி காய்ந்து இறுகி ஓரத்தில் வெடித்திருக்கிறது. நம் ஊர் மழையைச் சொல்ல வேண்டுமா, கார் கழுவும் இடத்தில் பீய்ச்சும் தண்ணீரும் சேர்த்தி. கொதிக்கிற பல்பின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் போதும். சாக்கெட்டிலும் ஒரு முனை பழுப்பேறி, பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது. (வெளிச்சம் போதவில்லை என்று தூர ஒளிக்கு 60, கிட்ட ஒளிக்கு 55 வாட் எடுக்கும் பல்புக்குப் பதிலாக 100 வாட் போட்ட நண்பருக்கு வயரே உருகியது, அது தனிக்கதை.) ரப்பர் மூடியையும் சாக்கெட்டையும் மாற்றினேன், இரண்டும் சேர்ந்தே மூன்று பல்பின் விலைக்கு வரவில்லை. ஏழு மாதமாகிறது, அதே பல்பு எரிகிறது.

பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு, ஆனால் அன்றைக்கு விளக்கு எரிந்தால் தேர்ச்சிதான். அடுத்த வாரம் இரவு ஏழு மணிக்கு மேல் ஒற்றைக் கண்ணோடு ஓட்டுவது நாம்தான்.

பட்டறைக்காரர்களை ஒன்றுதான் கேட்கிறேன். கழற்றிய பல்பையும் பில்லோடு சேர்த்து, நாங்கள் கேட்காமலே கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்