நிறம் மாற்றினால் மடிப்பு நிழல் அழிகிறது: நான்காவது புகார்

அனுப்புநர்: கேட்டலாக் பட வடிவமைப்பாளர், திருப்பூர்.
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர்.
பொருள்: புதுப்பிப்புக்குப் பின் பழுதான ஆடை நிறமாற்றக் கருவி தொடர்பாக.

ஐயா,

வணக்கம். பனியன் கம்பெனிகளுக்குக் கேட்டலாக் படங்கள் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். வெள்ளை டி-சர்ட்டை ஒருமுறை படம்பிடித்து, மற்ற நிறங்களை உங்கள் மென்பொருளில் ஏற்றுவதே என் வேலை. கடந்த புதுப்பிப்பு வந்த நாளிலிருந்து, 'நிழலைக் காக்கவும்' பெட்டியில் டிக் போட்ட பிறகும் நிறம் பெயின்ட் அடித்ததுபோல் ஒரே பரப்பாக விழுகிறது. அக்குள் மடிப்பு மறைந்துவிடுகிறது. கழுத்துப்பட்டையின் ரிப் கோடுகள் ஒன்றுகூடத் தெரிவதில்லை.

மூன்று முறை எழுதிய பிறகு பேசிய உங்கள் ஊழியர், ஹியூவை, அதாவது நிறச் சாயலை மாற்றும் அளவை, நகர்த்தச் சொன்னார். நிறச்செறிவே இல்லாத வெள்ளைத் துணியில் ஹியூவை 180 பாகை திருப்பினாலும் எதுவும் மாறாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்து, படத்தின் மேல் போடும் நிற லேயரை, கீழுள்ள படத்தோடு கலக்கும் முறைகளில் ஒன்றான 'கலர்' பிளெண்டில் வைக்கச் சொன்னார். அது அடிப்படத்தின் வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடுவதால் வெள்ளை வெள்ளையாகவே நின்றது. இதைப் பணிவாகச் சொன்னதற்கு, "உங்களுக்கு ஃபோட்டோ எடுக்கவே தெரியவில்லை, முதலில் லைட்டிங்கைக் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்று கூறி இணைப்பைத் துண்டித்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக இதே விளக்குகளில்தான் படம் எடுக்கிறேன். போன மாதம் வரை இதே கருவி மடிப்பைக் காத்தது.

இதற்கும் முன்பே, ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கோவையிலுள்ள உங்கள் விற்பனையாளரிடம் பஸ்ஸில் சென்றேன். பதினொரு மணிக்கு உட்காரவைத்தவர்கள், மூன்று மணிக்கு, பார்க்க வேண்டியவர் விடுப்பில் இருப்பதாகச் சொல்லி, நான் ஏற்கெனவே அழைத்து ஓய்ந்த அதே தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

எட்டு மாடல்களுக்குப் பதினொரு நிறம் வீதம் 88 படங்களையும், ஒவ்வொன்றுக்கும் துணியின் பகுதியை மட்டும் பிரிக்கும் மாஸ்க் வரைந்து, அடியிலுள்ள நிழல் தெரியும்படி கலக்கும் 'மல்டிபிளை' முறையில் நிறமேற்றிக் கையாலேயே முடித்தேன். அதற்குள் கெடு தாண்டிவிட்டது, நாற்பதாயிரம் ரூபாய் ஆர்டரைப் பார்ட்டி ரத்து செய்தார். அவர் இனி என் வாசற்படி மிதிக்க மாட்டார் என்பதையும் சேர்த்தால் இழப்பு பத்து லட்சத்துக்குக் குறையாது. என் தொழிலே நாசமாகிவிட்டது.

பழைய பதிப்பை மீண்டும் நிறுவிக்கொள்ள அனுமதியுங்கள், அல்லது இவ்வாண்டுச் சந்தாவை முழுமையாகத் திருப்பித் தாருங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை மட்டும் நான் விடுவதாக இல்லை. பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்வேன். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. நிறம் மாற்றுவதற்கு முன்னும் பின்னுமான படங்களை, மடிப்புள்ள இடத்தைப் பெரிதாக்கி, இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்