கடற்படைக் கேமலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஒவ்வொருவர் வாசலிலும் என்னைக் கொண்டுவந்து நிறுத்திய அந்தக் குட்டி விமானம் முடிந்துவிட்டது. சாப்வித் கேமல், கடற்படை ரகம். முதல் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானம். நிஜ அளவில் 48-இல் ஒரு பங்கு என்பதால் மூக்கிலிருந்து வால் வரை அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். உங்களில் பாதிப் பேருக்கு நான் எதற்காகக் கேட்கிறேன் என்பதே அப்போது முழுசாகத் தெரியாது. தெரியாமலே செய்து கொடுத்தீர்கள். நேரில் பார்த்தபோது தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் ஒருவர் செய்த வேலை இன்னொருவருக்குத் தெரிய வேண்டும் என்று மனசு கேட்கிறது. அதனால் இந்த மடல் எல்லோருக்கும் பொதுவாக.

முதலில், என்னதான் மாற்றினேன் என்று சொல்லிவிடுகிறேன். துண்டு துண்டாக வருவதை ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் மாடல் இது. பெட்டியில் வந்தது எஃப்.1 என்கிற தரை ரகம். கப்பலில் இருந்து பறந்தது 2எஃப்.1. எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அளந்தால் வேறு. தரை ரகத்துக்கு இறக்கை 28 அடி. கடற்படை ரகத்துக்கு 26 அடி 11 அங்குலம். அந்த 13 அங்குல வித்தியாசம் மாடலில் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். மேல் இறக்கையின் நடுப்பகுதியில் அதை எடுக்க வேண்டும், கீழ் இறக்கையையும் அதற்கேற்ப நறுக்க வேண்டும். மேல் இறக்கையை நடுவில் தாங்கும் நான்கு கால்கள் தரை ரகத்தில் மரத்தால் ஆனவை, அகலமாக இருக்கும். கடற்படை ரகத்தில் அவை மெல்லிய இரும்புக் குழாய்கள். விமானிக்கு முன்னால் இருந்த இரண்டு விக்கர்ஸ் துப்பாக்கிகளில் ஒன்று போய்விடும், அதற்குப் பதில் மேல் இறக்கைக்கு மேலே ஒரு லூயிஸ் துப்பாக்கி வரும். இருக்கைக்குப் பின்னால் உடம்பே இரண்டாகக் கழன்று வரும், கப்பலில் அடக்கி வைக்க வசதியாக.

இப்படிப்பட்ட ஒரு விமானத்தில்தான் 1918 ஆகஸ்ட் 11-ஆம் தேதி ஸ்டூவர்ட் கல்லி என்கிற இளைஞர் ஏறினார். ரெடவுட் என்ற போர்க்கப்பல் பின்னால் கட்டி இழுத்துவந்த 58 அடி மிதவை ஒன்றுதான் அவருக்கு ஓடுதளம். அதிலிருந்து கிளம்பி உயரே போய், எல்-53 என்ற ஜெர்மன் செப்பலின் வான்கப்பலைச் சுட்டு வீழ்த்திவிட்டு, திரும்ப வந்து கடலில் இறங்கினார். அந்த விமானம் இன்றும் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து தரை ரகத்தை அப்படியே ஒட்டி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வீராம்பட்டினத்துப் பெரியப்பா, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

இரட்டை இறக்கை விமானம் என்றால் கம்பிகள்தான் அதன் உயிர். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்கும். அது பிய்த்துக்கொண்டு போகாமல் இழுத்துப் பிடிக்கச் சில கம்பிகள். தரையில் நிற்கும்போது இறக்கை தன் பாரத்தில் கீழே தொங்காமல் தாங்கச் சில கம்பிகள். மாடலில் இதற்கு நூல் கட்டினால் பிசிறு தெரியும், நாளானால் தொய்யும். மீன் பிடிக்கிற நைலான் இழை, அதான் தங்கூசி, கேட்டு உங்களிடம் வந்தேன். இருப்பதிலேயே மெல்லிசானதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, படத்தைக் காட்டச் சொன்னீர்கள். "இதுல பாரம் தாங்குறது எது, ஆட்டத்தப் பிடிக்கிறது எது?" என்று கேட்டீர்கள் பாருங்கள், நான் புத்தகம் புத்தகமாகப் படித்துப் புரிந்துகொண்டதை நீங்கள் அந்த ஒரு கேள்வியில் பிடித்துவிட்டீர்கள்.

"ஒரு பக்கமே இழுத்துக் கட்டாத தம்பி, சட்டம் கோணிக்கும். இந்தப் பக்கம் ஒண்ணு கட்டுனா அந்தப் பக்கம் ஒண்ணு கட்டு. கடைசியில இறுக்கிக்கலாம்." அப்படியேதான் செய்தேன். ஃபெவிக்விக் ஒரு சொட்டு, ஊசி முனையில் எடுத்து வைத்து, இடது வலது என்று மாறி மாறி. கடைசியில் இறுக்குவதற்கு நீங்கள் சொன்ன ஊதுவத்தி வித்தையைப் பற்றி இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். எரிகிற ஊதுவத்தியைத் தங்கூசிக்குக் கீழே, படாமல், விரல் அகல இடைவெளி விட்டு மெதுவாக ஓட்ட வேண்டும். சூடு பட்டதும் தொய்வாக இருந்த இழை கண் முன்னால் நேராகி விறைத்துக்கொள்ளும். பட்டால் அறுந்துவிடும். எல்லாக் கம்பிகளும் விறைத்து நின்ற பிறகு இறக்கையை விரலால் லேசாக அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஒட்டின இடத்தைவிட அந்தத் தங்கூசிதான் இப்போது இறக்கையைப் பிடித்து நிற்கிறது.

பத்தர் ஐயா, அந்த நான்கு கால்கள் உங்களால் வந்தவை. பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் கால்கள் இந்த ரகத்துக்கு ஆகவே ஆகாது. அதே பிளாஸ்டிக்கை இழைத்து மெல்லிசாக்கினால் இறக்கையின் பாரத்துக்கு ஒடிந்துவிடும். பித்தளைக் கம்பியை எடுத்து, துளைத் தகட்டில் ஒவ்வொரு துளையாக இழுத்து இழுத்து அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தீர்கள். சேர்ப்பதற்கு நகைக்கு வைப்பது போலப் பொடி வைத்து ஊதுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஊதவில்லை. அவ்வளவு சூடு காட்டினால் கம்பி இளகி வளைய ஆரம்பித்துவிடும், இழுத்த கம்பிக்கு இருக்கிற விறைப்பு போய்விடும் என்று சொல்லி, ஈயப் பற்றாக வைத்தீர்கள். கரிக்கட்டையில் நான்கு குழி போட்டு, கால்களை அதில் நிறுத்தி, மூலைமட்டம் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு நீங்கள் பற்ற வைத்ததை நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கடையில் கல்யாண ஆர்டர் காத்திருந்தது எனக்குத் தெரியும். கூலி வாங்க மாட்டேன் என்று சொன்னது அதைவிடப் பெரிது. இறக்கையை அறுக்க உங்கள் ரம்பத்தையும் கொடுத்தீர்கள். பிளாஸ்டிக்கில் அது போன வழி அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. ஒட்டிப் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்ட பிறகு அறுத்த இடம் எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

போர்டு எழுதுகிற அண்ணனுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் விமானங்களுக்கு மேல்பக்கம் அடித்த நிறத்துக்கு பி.சி.10 என்று பெயர். பச்சையா பழுப்பா என்று இன்றுவரை ஆட்கள் சண்டை போடுகிறார்கள். ஆனால் அதில் சேர்த்தது முக்கியமாக இரண்டே பொருள்தான்: மஞ்சள் காவி, விளக்குக் கரி. இதைச் சொன்னதும் நீங்கள் சிரித்துவிட்டு, "அப்ப கலர் டப்பா எதுக்கு?" என்று மஞ்சள் காவி நிறத்தில் கருப்பைக் குச்சி முனையில் தொட்டுத் தொட்டுக் கலந்து காட்டினீர்கள். கருப்பு ஏற ஏற, பச்சையே ஊற்றாமல் அந்த மஞ்சள் பச்சைப்பக்கம் சாய்ந்தது. ஏன் சண்டை ஓயவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் கரி கூடினால் பச்சை, காவி தூக்கலானால் பழுப்பு, வெயிலில் நின்றால் இன்னொன்று. அன்று நீங்கள் கலந்த அந்தச் சின்னக் குப்பிதான் மேல் இறக்கை முழுக்க.

அப்புறம் மார்க்கெட் பக்கத்து எண்ணெய்க் கடை அம்மா. கேமலின் இன்ஜின் வினோதமானது. நடுத்தண்டு விமானத்தோடு அசையாமல் இருக்கும், ஒன்பது சிலிண்டரும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். கடற்படை ரகத்தில் இருந்தது பென்ட்லி பி.ஆர்.1, 150 குதிரைத்திறன். பின்னாளில் கார் செய்து பேர் வாங்கிய அதே பென்ட்லி வடிவமைத்தது. இந்த இன்ஜினுக்கு ஊற்றியது விளக்கெண்ணெய். உள்ளே போனது எரியாமல் வெளியே தெறித்து, அடிவயிற்றுத் துணியெல்லாம் ஊறிப்போகும். அந்தக் கறை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றதும், "கண்ணு, துணியக் கொண்டா" என்று மாவு நிறத் துணியில் ஊற்றி, வெயிலில் போட்டு வைத்துக் கொடுத்தீர்கள். கருப்பாக இல்லை. நடுவில் தேன் நிறம், ஓரத்தில் மட்டும் தூசி பிடித்து ஒரு பழுப்புக் கோடு. அந்தத் துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடிப்பக்கம் முழுக்கத் தீட்டினேன். இந்த மாடலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது, கீழே குனிந்து பார்த்தால்தான் தெரியும் என்றாலும்.

பல் டாக்டர் அம்மாவுக்கு, தேய்ந்த டிரில் முனைகளுக்கும் லூயிஸ் துப்பாக்கியின் குழலாக மாறிய புது ஊசிக்கும் நன்றி. அதன் மேல் உட்காரும் வட்டத் தோட்டாத் தட்டைச் செருப்புத் தைக்கிற அண்ணன் தன் பஞ்சால் அடித்துக் கொடுத்தார். மழைக்காலத்தில் வார்னிஷ் பால் படர்ந்து வெளுத்தபோது, கோழிக்குஞ்சுக்குப் பல்பு போட்டு வைக்கும் பெட்டியைத் தந்த எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி. இந்த ஊர்க் காற்றில் அதுவும் ஐப்பசியில் வேறு வழியே இல்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் ஊரே சொல்தா என்று கூப்பிடும் தாத்தா, மாடல் பெட்டியைப் பாரிஸிலிருந்து உங்கள் மகள்தான் சூட்கேஸில் வைத்துக் கொண்டுவந்தார். உங்கள் பேரன் லண்டனுக்குப் போன இடத்தில் மியூசியத்தில் தொங்குகிற கல்லியின் விமானத்தைக் கீழே நின்று எடுத்து அனுப்பிய படங்கள் இல்லாவிட்டால், உடம்பு கழன்று வரும் அந்த இணைப்பை நான் ஊகத்தில்தான் கீறியிருப்பேன். நீங்கள் ஒரு நாள், "இதுல நம்மாளு யாராவது ஓட்டியிருக்கானா?" என்று கேட்டீர்கள். ஓட்டியிருக்கிறார் தாத்தா. ஹர்தித் சிங் மாலிக். 1917-இல் 28-ஆம் ஸ்குவாட்ரனில் கேமல் ஓட்டி, சண்டையில் காலில் குண்டடி பட்டவர். அவரேதான் பின்னால் பிரான்சுக்கு இந்தியத் தூதராகப் போனார். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நம் ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது பாரிஸில் அந்தப் பதவியில் இருந்தவர் அவர். அன்று பதில் தெரியவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

மாடல் எங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடிப்பக்கம் பார்க்கக் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன். பெரியப்பா, தங்கூசி பாதிச் சுருளுக்கு மேல் மீதம் இருக்கிறது, வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். பத்தர் ஐயா, ரம்பத்துக்குப் புது பிளேடு மாட்டித் திங்கட்கிழமை கடைக்கே கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் முத்தியால்பேட்டைத் தம்பி