மீனாட்சி எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள்?

தினேஷ் மகனுக்கு,

நீ அனுப்பிய டெலிடிராமாவின் ஏழு எபிசோட் ஸ்கிரிப்டும் வந்து சேர்ந்தது. போனில் வாசித்தால் எனக்குக் கண் எரியும் என்று அப்பா ஹட்டனுக்குப் போய் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். "தோட்டத்து லயத்துப் பேச்சு சரியா இருக்கான்னு மட்டும் பாருங்கம்மா" என்று எழுதியிருந்தாய். 31 வருசம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சிவப்புப் பேனா பிடித்தவளிடம் வந்து "மட்டும்" என்று சொல்கிறாயே, நீயெல்லாம் என் வயிற்றில் பிறந்தவன்தானா.

பேச்சில் பெரிய பிழை இல்லை. வாசல் திண்ணையை இஸ்தோப்பு என்று ஒரு இடத்தில் சொல்லியிருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் சந்தோஷமுமாக இருந்தது. ஆனால் லயத்து அறையைச் சொல்லும் காம்பரா என்ற சொல்லை விளங்காது என்று டைரக்டர் வெட்டிவிட்டதாக ஓரத்தில் குறித்திருக்கிறாய். திரும்பப் போடு. சிங்களத்திலும் காமரய, இஸ்தோப்புவ என்றுதானே சொல்கிறார்கள்? ஒன்று போர்த்துக்கேயன் விட்டுப்போனது, மற்றது ஒல்லாந்தன் விட்டுப்போனது, இரண்டு பேருக்கும் பொதுச் சொத்து. டெலிடிராமா பார்க்கிற ஆச்சிமாருக்கு எல்லாம் விளங்கும்.

முதல் சீன். மீனாட்சி கொழுந்து எடுக்கிறாள், சிவப்புச் சேலை, தலையில் மல்லிகைப்பூ, நல்ல வெயில், பின்னால் புல்லாங்குழல். சரி, அந்தத் தடித்த படங்குத் துணி எங்கே? இடுப்பில் படங்கு கட்டாமல் தேயிலைக்குள் இறங்கினால் வாது குத்திச் சேலையைப் பத்து நிமிசத்தில் கிழித்துவிடும், அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்புறம் கையை க்ளோஸ்அப்பில் காட்டுவதாக எழுதியிருக்கிறாய். உனக்கு அம்மாயியின் கை ஞாபகம் இருக்கிறதா? பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்து, சவர்க்காரம் போட்டாலும் போகாத கறை, நுனியில் கோடு கோடாக வெடிப்பு. இரவில் விளக்கடியில் உட்கார்ந்து அந்த வெடிப்புக்குள் தேங்காயெண்ணெயைச் சுடவைத்து விடுவார், அப்போது ஒரு சத்தம் வரும் வாயிலிருந்து, அழுகையும் இல்லை பாட்டும் இல்லை. அந்தக் கையைக் காட்ட முடியாதென்றால் க்ளோஸ்அப்பே வேண்டாம் என்று அவர்களிடம் சொல்.

இதெல்லாம் சின்ன விசயம், உடுப்புக்காரரிடம் சொன்னால் சரியாகிவிடும். நான் சொல்ல வந்தது வேறு.

வாசித்துக்கொண்டே ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன். ஏழு எபிசோட்டில் மீனாட்சி 19 சீனில் வருகிறாள். அதில் 11 சீனில் கையில் தேத்தண்ணித் தட்டு. வேலைக்கு நிற்கும் கொழும்பு வீட்டம்மா நோனாவோடு பேசுகிறாள், வீட்டு ஐயா மகாத்தயாவோடு பேசுகிறாள், சின்ன மகாத்தயாவைப் பார்த்துக் கண் கலங்குகிறாள். இன்னொரு தமிழ் ஆளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு போன் கோல் கூட இல்லை. அந்த வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயர் இருக்கிறது. மீனாட்சியின் அம்மாவுக்குப் பெயர் இல்லை, மூன்றாம் எபிசோட்டில் இருமிக்கொண்டு வந்து நான்காம் எபிசோட்டில் செத்துப்போகிறார். இதை முதலில் கண்டுபிடித்தது அப்பாதான். வாசித்துவிட்டு, "இந்தப் பிள்ளை தட்டை வச்சிட்டு எந்தக் கதவால போகுது, எங்க போய்ப் படுக்குது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

அக்காவுக்குச் சின்னவன் பிறந்தபோது 2019இல் லண்டனில் ஆறு மாதம் இருந்தேனே, வெளியே குளிர், உள்ளே பால்போத்தல், பின்னேரமானால் டிவி. ஈஸ்ட்எண்டர்ஸும் கொரோனேசன் ஸ்ட்ரீட்டும் எழுத்தோடு போட்டுப் பார்த்தேன், அதில்தான் என் ஆங்கிலம் கொஞ்சம் திருந்தியது. எல்லா நிறத்து ஆட்களும் ஒரே தெருவில் நடப்பதைப் பார்த்து, அட இவர்கள் நம்மைவிட எவ்வளவோ முன்னால் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அக்கா சிரித்தாள். கொரோனேசன் ஸ்ட்ரீட் தொடங்கியது 1960இல், கதை நடப்பது மன்செஸ்டர் பக்கத்தில், அங்கே கறுப்பு ஆட்களும் நம்ம நிறத்து ஆட்களும் எவ்வளவோ காலமாக இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தெருவுக்கு ஒரு கறுப்புக் குடும்பம் குடிவந்தது நான் போயிருந்த அதே 2019இல்தான். பெய்லி குடும்பம். 59 வருசம்! அதுவரை கறுப்பு ஆட்கள் வரவில்லையா என்றால் வந்தார்கள், தனித்தனியாக வந்தார்கள், போனார்கள். 1999இல் ஒரு இந்தியக் குடும்பம் வந்தது, வந்து என்ன செய்தது தெரியுமா, மூலைக்கடையை வாங்கியது. வேறு என்ன செய்யும்.

ஈஸ்ட்எண்டர்ஸ் 1985இல் தொடங்கும்போதே பரவாயில்லை, கரிபியன் பக்கத்துத் தகப்பனும் மகனும், சைப்பிரஸ் துருக்கிக்காரர் ஒருவர், கடை வைத்திருந்த வங்காளதேசத்துத் தம்பதி என்று போட்டார்கள். மறுபடியும் கடை, அதை விடு. 2003இல் ஃபெரெய்ரா என்று ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்தார்கள், நம்ம ஊர் பெரேரா இல்லை, கோவா பக்கத்துக் கிறிஸ்தவப் பெயர். அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் பெயர் ஆதி, ஒருவன் தாரிக், ஒருவன் ரோனி. எந்த ஊர், என்ன மதம், வீட்டில் என்ன பாஷை, எழுதியவர்களுக்கே தெரியாது போல. அங்கேயுள்ள இந்திய, பாகிஸ்தான் ஆட்களே இது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறார்கள். 2005க்குள் எல்லோரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு 2007இல் வந்த மசூத் குடும்பம் நிலைத்தது. ஏன் என்று நான் நினைப்பது, அவர்களுக்கு ஒரு குசினி இருந்தது. தபால்காரப் புருசன், வாய்க்காரப் பெண்சாதி, அவர்களுக்குள்ளேயே சண்டை, அவர்களுக்குள்ளேயே சிரிப்பு, வெள்ளைக்காரன் யாரும் கதவைத் தட்டாமலே அரை எபிசோட் ஓடும்.

2009 பெப்ரவரியில் ஒரு எபிசோட் முழுக்கக் கறுப்பு நடிகர்களை மட்டும் வைத்து எடுத்தார்கள், அந்த நாடகத்தில் அதுதான் முதல் தடவை. அதில் பட்ரிக் என்ற கிழவர் 1958இல் நொட்டிங் ஹில்லில் நடந்த கலவரத்தைப் பற்றி இளசுகளுக்குச் சொல்வார். பிறகு போனில் தேடி அக்கா எனக்குக் காட்டினாள். நான் அழுதுவிட்டேன். எனக்கு லண்டன் 58 தெரியாது, ஆனால் 83 ஜூலை தெரியும், கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருந்த இரவு தெரியும். நம்ம வீட்டில் அதை உனக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறோமா? இல்லையே. சொல்ல ஒரு சீன் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் 1968இல் நடந்தது ஒன்று உண்டு, உனக்கு இது பிடிக்கும். ஒரு பகல் நாடகத்தில் கார்லா என்று ஒரு நடிகைப் பாத்திரம், பார்க்க வெள்ளைக்காரி மாதிரி, வெள்ளைக்கார டொக்டரோடு கல்யாணம் பேசியாகிவிட்டது. பிறகு ஒரு கறுப்பு டொக்டரை விரும்புகிறாள், பார்த்துக்கொண்டிருந்த சனம் கொதித்துப்போய்க் கடிதம் எழுதியது. கொஞ்ச நாளில்தான் தெரியவந்தது, அவளும் கறுப்புப் பெண்தான், அதே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் சேடியின் மகள், நிறத்தை மறைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். அதில் நடித்த எலன் ஹொலியும் கறுப்புப் பெண்தான். ஒரு தாயும் மகளும் ஒருவரை ஒருவர் கண்டு நின்ற இடத்தில் கதை பிடித்துக்கொண்டது பார். சேடிக்குப் பெயர் இருந்தது மகன்.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அம்மா, சண்டைக் காலத்தில் தமிழ்ப் பெயர் கேட்டாலே அடுத்த சீனில் குண்டு வெடிக்கும், இப்போது நல்லவளாகவாவது காட்டுகிறார்களே." உண்மைதான். உங்கள் டைரக்டர் நல்ல மனுசன் என்பதும் ஸ்கிரிப்டில் தெரிகிறது. ஆனால் மீனாட்சி அளவுக்கு நல்லவள் யாரையும் நான் தோட்டத்தில் பார்த்ததில்லை. யாரையும் ஏசமாட்டாள், பொய் சொல்லமாட்டாள், சம்பளம் கேட்கமாட்டாள், கடைசியில் சின்ன மகாத்தயாவுக்காகப் பஸ்ஸுக்கு முன்னால் பாய்கிறாள். என்ன பிள்ளை இது! நம்ம சித்தி ஒருத்தி சீட்டுக்காசை எடுத்துக்கொண்டு நாவலப்பிட்டிக்கு ஓடினாளே, திரும்பி வந்து தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று ஊரையே ஏசினாளே, அவளில் கால்வாசியாவது மீனாட்சிக்குக் கொடு.

இன்னொன்று. மீனாட்சியை உடைந்த சிங்களம் பேச வைத்திருக்கிறீர்கள். அப்பா வெலிமடைச் சந்தையில் பேரம் பேசினால் அவர் எந்த ஆள் என்று யாராலும் சொல்ல முடியாது. மீனாட்சிக்கு 22 வயது, ஓ லெவல் எழுதியவள் என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு ஏன் அவள் வாயில் கல்? சிரிப்பதற்கு என்றால் நேராகவே சொல்.

சொல்கிறேனே தவிர நாங்களும் சிரித்தவர்கள்தான். இலங்கை வானொலியில் கோமாளிகள் சிரிப்பு நாடகம் போகும்போது தோட்டத்தில் ஒரு ரேடியோவுக்கு நான்கு காம்பரா ஆட்கள் கூடுவார்கள். மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி. உபாலி சிங்களவர் பேசுவது போலத் தமிழ் பேசுவார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அதை வைத்து நானே ஒரு கூத்தும் அடித்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருசம், கலைவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதினேன், அதில் புடவை மூட்டை சுமந்து லயம் லயமாகக் கடனுக்கு விற்கும் முஸ்லிம் நானா ஒருவர். தொப்பி போட்டு, தாடி ஒட்டி, பேச்சை இழுத்து இழுத்துப் பேசவைத்து, கணக்கில் ஏமாற்றி, கடைசியில் மூட்டையோடு காட்டாற்றில் விழவைத்தேன். மண்டபமே அதிர்ந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு முஸ்லிம் பிள்ளை, டவுனில் இருந்து வருகிறவள், அவளும் கை தட்டினாள். அடுத்த நாள் இடைவேளையில் கொப்பியைக் காட்ட வந்தவள் மெதுவாக, "டீச்சர், எங்க வாப்பாவும் மூட்டைதான் தூக்குறாரு. அவரு அப்படியா பேசுறாரு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் கொப்பியில் சரி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவ்வளவுதான் செய்தேன். அவள் வாப்பா வீட்டில் எப்படிப் பேசுவார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அவர் தந்த புடவையைத்தான் உன் பெயர்வைப்புக்குக் கட்டினேன்.

சென்னை சீரியலைப் பற்றி ஒரு வரி எழுதி விட்டுவிடுகிறேன். அங்கே கறுப்பான பெண்தான் கதாநாயகி என்றால் சிவந்த பிள்ளைக்கு மை பூசிக் கொண்டுவருவார்கள். இலங்கைத் தமிழர் வந்தால் எல்லோரும் யாழ்ப்பாணம் என்று நினைத்து என்னவோ ஒரு பாஷை பேசுவார்கள். நம்மைப் போல மலையகத்தில் ஒரு சாதிசனம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஆறாம் எபிசோட்டில் மீனாட்சி நோனாவிடம், "நாங்க இந்தியாவில இருந்து வந்தவங்க" என்கிறாள். அதன் மேல் பெரிய வட்டம் போட்டிருக்கிறேன். நம்ம சனம் இங்கே வந்தது 1823இல் இருந்து கணக்கு, 2023இல் 200 வருசம் என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை சனம் நடந்ததே, நீயும் தம்புள்ளையில் சேர்ந்து நடந்தாயே. 48இல் நம்ம பிரஜாவுரிமை போனது, இந்தியாவோடு செய்த 64 ஒப்பந்தத்தில் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று மூட்டை எண்ணுவது போல எண்ணினார்கள். அதில் போனவர்தான் என் பெரிய மாமா. கூடலூரில் அவரை சிலோன்காரர் என்றுதான் சாகும்வரை கூப்பிட்டார்கள். இந்த 22 வயதுப் பிள்ளை எங்கிருந்து வந்தாள்? கொட்டகலையில் இருந்து வந்தாள், அவள் அம்மாவும் கொட்டகலை, அம்மாவின் அம்மாவும் கொட்டகலை. "ஊர் எங்க?" என்று நோனா கேட்டால் தோட்டத்து டிவிசன் பெயரைச் சொல்லட்டும், நோனா தலையைச் சொறியட்டும்.

முழுதையும் மாற்றி எழுது என்று நான் சொல்லவில்லை, உனக்கு மேலே ஐந்து பேர் இருப்பார்கள், ஸ்பொன்சர் இருப்பான், எனக்குத் தெரியாதா. எட்டாம் எபிசோட்டில் ஒரு சீன் மட்டும் கேள். மூன்று நிமிசம் போதும். தட்டை வைத்துவிட்டு அவள் பின்கதவால் போகட்டும், கமரா அவளோடு போகட்டும். சாமான் அறையில் பாய், சார்ஜரில் போன், தங்கச்சி வீடியோ கோலில். தங்கச்சி, வேலை நேரத்தில் பிள்ளையை விடும் பிள்ளைக் காம்பராவில் இருந்து மகனைத் தூக்கிக்கொண்டு மழையில் வந்த கதையைச் சொல்லட்டும், பேர் போடும்போது கணக்கப்பிள்ளை அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டதைச் சொல்லட்டும். இருவரும் சேர்ந்து நோனாவின் நடையைப் பழித்துச் சிரிக்கட்டும். நோனாவைப் பற்றி மீனாட்சி என்ன நினைக்கிறாள் என்று ஏழு எபிசோட்டில் ஒருவருக்கும் தெரியாது, அதையாவது தெரிந்துகொள்ளலாம்.

ஸ்கிரிப்டைப் பஸ்ஸில் வரும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், கூடவே தேயிலை ஸ்டோரில் கொடுத்த தூள் ஒரு பார்சல். டஸ்ட்தான், நல்லது எல்லாம் கப்பலில் போய்விட்டது. மீனாட்சி கொண்டுபோகும் தட்டில் என்ன தேயிலை என்று யாராவது கேட்டால் இதைக் காட்டு.

மீனாட்சியின் அம்மாவுக்குச் செல்லம்மா என்று பெயர் வை. பிடிக்காவிட்டால் வேறு ஏதாவது வை, வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

அம்மா
கொட்டகலை